ஸ்டாப் போர்டும் சைக்கிளும்: சட்டத்துக்கு முன் பலகையை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முக்கில் ‘நில்’ என்று சொல்லும் ஸ்டாப் போர்டைச் சைக்கிள்காரர்கள் கண்டும் காணாமலும் நிற்காமல் உருண்டு போகிறார்கள், அவர்களுக்கும் அபராதம் போட வேண்டும் என்று ஒரு வாசகர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். அமெரிக்காவில் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள், இங்கேயும் அனுமதித்தால் என்ன என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். இருவரும் சைக்கிள்காரரைப் பற்றித்தான் பேசினார்களே தவிர, அவர் வந்து நிற்கிற முக்கைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துக் கேரள-தமிழ்நாடு எல்லைச் சாலைகளில் பால் கேனும் இளநீர்க் குலையும் பள்ளிக்கூடப் பையும் இன்னும் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பதால், கணக்கோடு சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த அமெரிக்கச் சட்டம். ஐடஹோ மாநிலம் 1982-ல் கொண்டுவந்தது. சைக்கிளில் வருபவர் ஸ்டாப் போர்டை ‘வழி விடு’ பலகையாக எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். வேகத்தைக் குறைக்க வேண்டும், குறுக்கே வருகிறவருக்கு வழி விட வேண்டும், யாரும் வரவில்லையென்றால் காலை ஊன்றாமல் போகலாம். பார்க்காமல் பாய்ந்து போகலாம் என்று அதில் எங்கும் இல்லை. சிவப்பு விளக்கில் முழுதாக நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று 2005-ல் ஒரு திருத்தம் வந்தது. டெலவேர் 2017-ல் இதே வழிக்கு வந்தது. ஆனால் இரண்டு தடத்துக்கு மேற்பட்ட அகலச் சாலையைச் சந்திக்கும் இடத்தில் முழுதாக நின்றே ஆக வேண்டும் என்று வரம்பு கட்டியது. ஆர்கன்சா, ஆரிகன், வாஷிங்டன், கொலராடோ, மின்னசோட்டா என்று பல மாநிலங்கள் பின்னால் வந்தன. கலிஃபோர்னியாவில் 2021-ல் சட்டமன்றம் நிறைவேற்றியும் ஆளுநர் மறுத்துவிட்டார்.

ஐடஹோவில் சட்டம் வந்த அடுத்த ஆண்டு சைக்கிள் காயங்கள் 14.5 சதவீதம் குறைந்தன என்ற கணக்கை ஆதரவாளர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை அப்போது பத்து லட்சத்தைத் தொடவில்லை. பாலக்காடு மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி 28 லட்சம் பேர். அங்கே ஓர் ஆண்டில் இறங்கிய எண்ணை வைத்துக்கொண்டு இங்கே உயிரைப் பந்தயம் கட்ட முடியாது.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியிருப்புகளில் நான்கு ரோடு சேரும் பல இடங்களில் நான்கு பக்கமும் ஸ்டாப் போர்டு வைத்திருப்பார்கள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்கு பக்கத்து வண்டியும் நின்றுதான் போக வேண்டும். இப்படித் தெருவுக்குத் தெரு நிறுத்தினால் சைக்கிள் மிதிப்பவருக்கு மூச்சு வாங்கும். குறுக்குச் சாலைக்காரரும் நின்றுதான் வருவார் என்பதால் அங்கே உருண்டு போவதில் ஆபத்தும் குறைவு. நம் பக்கத்தில் அந்த மாதிரி முக்கு கிடையாது. இங்கே ஸ்டாப் போர்டு நிற்பது ஊர் ரோடு மெயின் ரோட்டில் வந்து முட்டுகிற இடத்தில்தான். மெயின் ரோட்டில் வருகிற பஸ்ஸுக்கோ டிப்பருக்கோ எந்தப் போர்டும் இல்லை. ஐடஹோ சட்டத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்ட முடியாது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

அப்படியானால் எல்லோரும் நில்லுங்கள் என்று சொல்லி முடித்துவிடலாமா? அதற்கும் முன்னால், நிற்பது என்றால் சைக்கிளில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். காரியரில் இரண்டு பக்கமும் இருபது லிட்டர் பால் கேன் தொங்கும் வண்டியை எடுத்துக்கொள்வோம். பால் 41 கிலோ, கேன், சைக்கிள், ஆள் எல்லாம் சேர்த்தால் 130 கிலோ வரும். போர்டுக்கு முன்னால் நிறுத்தி இடது காலை ஊன்றியதும் வண்டி அந்தப் பக்கம் சாயும். சாய்ந்தவுடன் கேனுக்குள் பாலும் அந்தப் பக்கம் அலைந்து வந்து இன்னும் இழுக்கும். மறுபடி கிளம்ப, இடது காலைப் பெடலில் வைத்து வலது காலால் தரையை மூன்று நான்கு முறை உந்தித் தத்த வேண்டும். பின்னால் சுமை இருப்பதால் காலைப் பின்பக்கமாகச் சுழற்றிப் போட முடியாது. முன்னால் பாரின் மேலாகத்தான் தூக்கிப் போட வேண்டும். அந்த இரண்டு மூன்று விநாடி ஹேண்டில் பார் இடமும் வலமும் ஆடும், பிரேக்கில் விரல் இருக்காது, கண் பெடலில் இருக்கும், ரோட்டில் இருக்காது. அது நடக்கும் இடமோ மெயின் ரோட்டின் விளிம்பு. சுமை வண்டிக்காரர் நிற்கத் தயங்குவதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இதை அருகில் நின்று பார்க்க வேண்டும்.

ஆற்றல் கணக்கையும் சொல்லிவிடலாம். 130 கிலோ வண்டி மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வரும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 1,130 ஜூல். உடலுழைப்புக்குப் பழகிய ஆள் நாள் முழுக்கச் சளைக்காமல் தரக்கூடியது 75 வாட் அளவு. ஆக ஒரு முறை நிறுத்தினால் 15 விநாடி உழைப்பு பிரேக் கட்டையில் சூடாகப் போய்விடுகிறது. நிற்காமல் 8 கி.மீ. வேகத்துக்குக் குறைத்து உருண்டால் அதில் கால் பங்குக்குச் சற்று மேல் மிஞ்சும். பெரிய மிச்சம் என்று சொல்ல மாட்டேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கும்போது மேற்கே மிதிக்கிறவருக்கு அதன் அருமை தெரியும், அவ்வளவுதான்.

உண்மையான லாபம் ரோட்டைக் கடக்கும் நேரத்தில் இருக்கிறது. ஏழு மீட்டர் அகல மெயின் ரோடு, சைக்கிளின் நீளம், இரண்டு பக்கமும் கொஞ்சம் விளிம்பு என்று பத்து மீட்டர் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுமையில்லாத வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பினால் ஐந்தேகால் விநாடி ஆகும். பெடலில் கால் வைக்க ஒரு விநாடியைச் சேர்த்தால் ஆறேகால். 8 கி.மீ. வேகத்தில் உருண்டு வந்து மிதித்தால் அதே பத்து மீட்டருக்கு மூன்று விநாடிதான். மணிக்கு 50 கி.மீ.-ல் வரும் பஸ் விநாடிக்கு 14 மீட்டர் ஓடும். மூன்று விநாடி குறைவாக நடு ரோட்டில் இருப்பது என்றால் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் நடுவே 40 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடுகிறது. பால் கேன் வண்டிக்கு இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

இன்னொன்று. கார்காரரின் கண் பம்பருக்கு இரண்டு மீட்டர் பின்னால் இருக்கிறது. அவர் பார்ப்பதற்குள் காரின் மூக்கு ரோட்டுக்குள் போய்விடும். சைக்கிளில் கண், முன் சக்கரத்தின் நுனிக்கு ஒரு மீட்டர் பின்னால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையில் கண்ணாடியும் இல்லை, தூணும் இல்லை, காதும் திறந்திருக்கிறது. காதில் ஹெட்போன் இருந்தால் இந்த வாதம் அங்கேயே செத்தது. அதனால் காருக்கு ஒரு விதி, சைக்கிளுக்கு ஒரு விதி என்று கேட்பதில் நியாயம் உண்டு.

ஆனால் உருண்டு வருவதற்கு ஒரு விலை இருக்கிறது. நின்று பார்ப்பவர் ரோட்டோரத்தில் நின்று எட்டிப் பார்க்கலாம். உருண்டு வருபவர் போகலாமா நிற்கலாமா என்று ரோட்டுக்கு முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதை பிரேக் சொல்கிறது. ராடு பிரேக் வைத்த பழைய வண்டியில் பிரேக் கட்டை ரிம்மின் உள்முகத்தைப் பிடிக்கிறது. ரிம் குரோமியம் பூசிய இரும்பு. காய்ந்திருக்கும்போது சுமாராகப் பிடிக்கும், நனைந்தால் வழுக்கும். 8 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்கு யோசிக்க ஒரு விநாடி, பிறகு பிரேக் என்று கணக்குப் போட்டால் காய்ந்த ரிம்மில் மூன்றரை மீட்டரில் நிற்கும், நனைந்த ரிம்மில் ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் ஆகும். அதே ஆள் வேகத்தைக் குறைக்காமல் 15 கி.மீ.-ல் வந்தால் காய்ந்ததில் எட்டரை மீட்டர், நனைந்ததில் 15 மீட்டர். உருண்டு போகலாம் என்பதை வேகம் குறைக்காமல் போகலாம் என்று புரிந்துகொள்வதில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. ஆடிக் காற்று முதுகில் தள்ள பொள்ளாச்சி பக்கம் வருபவருக்கு இந்தத் தூரங்கள் எல்லாமே கூடும்.

பிரேக் விஷயத்தில் சில சிறு வேலைகள் செய்தாலே பாதி பயம் போகும். கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி மூன்று மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. பிடியை அழுத்தினால் பாதி தூரத்திலேயே பிடிக்கத் தொடங்க வேண்டும், ஹேண்டில் பாரில் முட்டிய பிறகு பிடித்தால் அது பிரேக் இல்லை. ராடுகளை இணைக்கும் நட்டு குலுக்கலில் தளரும், வாரம் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டும். ரப்பர் தேய்ந்து இரும்புக் கூடு ரிம்மில் உரசும்வரை விடுபவர்கள் நிறையப் பேர். அப்போது வரும் கிரீச் சத்தத்துக்கு எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. அதைவிடப் பெரிய தவறு கிடையாது. மழையில் முக்கு வருவதற்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்பிருந்தே பிரேக்கை லேசாகப் பிடித்தபடி வந்தால் ரிம்மில் இருக்கும் தண்ணீர் வழிந்துவிடும், அப்புறம் அழுத்தினால் பிடிக்கும்.

ஆக, 8 கி.மீ. வேகத்தில் ரோட்டு விளிம்புக்கு ஐந்து மீட்டர் முன்னால் முடிவெடுக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்? அந்த இடத்திலிருந்து ரோட்டை முழுதாகக் கடக்க நான்கு விநாடி, பார்த்து முடிவெடுக்க ஒரு விநாடி. ஐந்து விநாடியில் 40 கி.மீ. வேக வண்டி 55 மீட்டரும், 50 கி.மீ. வண்டி 70 மீட்டரும், 60 கி.மீ. வண்டி 83 மீட்டரும் வந்துவிடும். நம் மாநில சாலைகளில் ஊர் எல்லைக்குள் குறைந்தது 70 மீட்டர் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்கு வெளியே அந்தக் கணக்கே எடுபடாது.

இதை அளக்க இன்ஜினியர் வரவேண்டும் என்பதில்லை. இரண்டு பேர், ஒரு அளவு நாடா, ஒரு மீட்டர் நீளக் குச்சி, ஒரு சாக்பீஸ் போதும். ரோட்டு விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் உள்ளே கோடு போட்டு அங்கே ஒருவர் சைக்கிளில் உட்கார வேண்டும். மற்றவர் குச்சியைத் தரையில் நிறுத்திப் பிடித்தபடி மெயின் ரோட்டோரமாக நடக்க வேண்டும். குச்சியின் தலை மோட்டார் சைக்கிள் விளக்கின் உயரம் என்று கொள்ளுங்கள். அது மறையும் இடத்தில் நின்று நாடாவில் அளக்க வேண்டும். பிறகு மறுபக்கம். இதைக் காலை எட்டரை மணிக்குச் செய்ய வேண்டும். மத்தியானம் செய்தால் பூக்கடைத் தள்ளுவண்டியும் ஓரத்தில் நிறுத்திய ஆட்டோவும் தெரியாது, கணக்கு பொய்யாகிவிடும்.

அளந்தால் பல முக்குகளில் 70-க்கு 20 கூடத் தேறாது. மறைப்பது பெரும்பாலும் சுவர் இல்லை. காதுகுத்து, கல்யாணம், கட்சி மாநாடு என்று மூலையில் கட்டும் ஃபிளெக்ஸ், வேலியோரம் வளர்ந்த கருவேலம், தேங்காய் லோடுக்கு நிற்கும் லாரி, சீசனில் முதலமடை பக்கம் அடுக்கும் மாங்காய்க் கூடைகள் இவைதான். இவற்றை அகற்ற ஒரு நாள் வேலை போதும். பல இடங்களில் ஸ்டாப் போர்டையே அந்த ஃபிளெக்ஸ்தான் மறைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் அபராதம் கேட்ட வாசகர் கவனிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் ‘வலது, இடது, மறுபடி வலது’ பாடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. இடதுபுறம் திரும்புகிறவர் வலதைப் பார்த்தால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இடதிலிருந்து வரும் பஸ் முன்னால் போகும் டிராக்டரை ஓவர்டேக் செய்தால், அது வருவது நம் பக்கத் தடத்தில். கண் வலதில் இருக்கும்போது மோதல் இடதிலிருந்து நேருக்கு நேர் வரும். அதனால் இடது திரும்புகிறவரும் இரு பக்கமும் பார்க்க வேண்டும். கூட்டமாக வரும் பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். முதலில் வருபவன் பார்த்துவிட்டுப் போவான், பின்னால் வரும் நான்கு பேர் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு போவார்கள். தமிழ்நாடு அரசு தரும் விலையில்லா மிதிவண்டியோடு இந்தப் பாடத்தையும் கொடுத்தால் நல்லது.

சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 119-வது பிரிவு, போக்குவரத்துக் குறியீடுகளுக்குக் கீழ்ப்படியும் கடமையை மோட்டார் வாகனம் ஓட்டுபவருக்குத்தான் விதிக்கிறது. சைக்கிள் அந்தச் சட்டப்படி மோட்டார் வாகனம் அல்ல. அதனால் சைக்கிள்காரர் எதற்கும் பொறுப்பில்லை என்று அர்த்தமில்லை. பொதுவழியில் உயிருக்கு ஆபத்து வரும்படி எந்த வாகனத்தை ஓட்டினாலும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு பாயும். ஆனால் நடைமுறையில் ஸ்டாப் போர்டு சைக்கிள்காரர் மீது பாய்வது போலீஸ்காரர் கையிலிருந்து அல்ல, விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து. போர்டில் நிற்காமல் வந்தார் என்று நிரூபணமானால், அவர் பங்குக்கும் கவனக்குறைவு உண்டு என்று கணக்கிட்டு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் கேட்ட தொகையில் அந்த விகிதத்தைக் கழிப்பார்கள். யார் தப்பு என்று பார்க்காமல் தரும் 164-வது பிரிவில் உயிரிழப்புக்கு ஐந்து லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று தொகை உண்டு. சம்பாதிக்கிற ஆளை இழந்த குடும்பத்துக்கு அது போதாது. யாரும் நிற்காத, நிற்கத் தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டாப் போர்டை நட்டு வைப்பது, பிற்பாடு அந்தக் குடும்பத்தின் கையிலிருந்து பணத்தைப் பிடுங்கும் வேலையைச் செய்கிறது.

அதனால் என் கோரிக்கை புதுச் சட்டம் அல்ல. நம் சாலைக் குறியீடுகளிலேயே எண்கோணச் சிவப்பு ஸ்டாப் பலகையும் இருக்கிறது, தலைகீழ் முக்கோண ‘வழி விடு’ பலகையும் இருக்கிறது. எங்கே எது என்று யோசிக்காமல், கைக்கு வந்ததை நட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஐந்து மீட்டரிலிருந்து 70 மீட்டர் தெரிகிற ஊர் ரோட்டு முக்குகளில் ஸ்டாப்பை எடுத்துவிட்டு ‘வழி விடு’ வையுங்கள். சைக்கிள்காரருக்குக் கிடைக்க வேண்டியது அதிலேயே கிடைத்துவிடும், சட்டமன்றம் கூட வேண்டாம். தெரியாத இடத்தில் முதலில் மறைப்பை அகற்றுங்கள். சுவரோ வளைவோ இருந்து அகற்ற முடியாது என்றால் ஸ்டாப் இருக்கட்டும், அங்கே பால்காரரும் பள்ளிப் பிள்ளையும் இறங்கித்தான் ஆக வேண்டும், சலுகை கிடையாது. வாளையார் பக்கம் நான்குவழி தேசிய நெடுஞ்சாலையில் சேரும் இடங்களிலும், சிக்னலிலும், ரயில்வே கேட்டிலும் இந்தப் பேச்சே கூடாது. விளக்கில்லாத சைக்கிளுக்கு இருட்டிய பிறகு ‘வழி விடு’ பலகையும் ஸ்டாப்தான். அவர் பஸ்ஸைப் பார்ப்பார், பஸ்காரர் அவரைப் பார்க்க மாட்டார்.

கேரளத்தில் கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் கவுன்சில் இருக்கிறது, தமிழ்நாட்டிலும் கலெக்டர் தலைமையில் குழு இருக்கிறது. எல்லையில் ரோட்டின் தார் மாறும் இடத்தில் துறையும் மாறுவதால், இந்தப் பக்கம் ஒரு பலகை, ஐம்பது மீட்டர் தள்ளி வேறொரு பலகை என்று குழப்பம் வருகிறது. பாலக்காடும் கோவையும் சேர்ந்து ஒரே நாளில் அளந்தால் அது தீரும்.

அளக்கும்போது வேகத்தடையையும் பாருங்கள். முறைப்படி பத்து செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டியது, இங்கே அரை மீட்டர் அகலத்தில் குத்துக் கரையாக நிற்கிறது. பால் கேன் அதில் தூக்கிப் போடும் என்பதால் சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஓரமாக ஒதுங்கிச் சாக்கடை விளிம்பில் போகிறார்கள், அங்கிருந்து மெயின் ரோட்டை அவர்களால் பார்க்க முடிவதில்லை. பழைய ஸ்டாப் போர்டை எடுக்கும்போது கம்பத்தைத் தரையோடு அறுத்துவிட்டு முனையை அப்படியே விட்டுவிடாதீர்கள், அடியோடு தோண்டி எடுங்கள். சைக்கிள் டயர் போவது அந்த ஓரத்தில்தான்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற சாலைப் பணி மேற்பார்வையாளர்,
கொழிஞ்சாம்பாறை